மெட்ராஸ் அட்டவணையும் அறந்தாங்கி பஸ்ஸும்

கோட்டைப்பட்டினம்,
8.1.1968

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு ராபியாவின் ஸலாம்.

நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் உம்மாவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிட வேண்டும்.

லீவில் வந்த மனிதர் நோன்புக் கஞ்சியைக் குடித்தோமா, பிள்ளைகளைக் கொஞ்சினோமா என்று இருந்திருக்கலாம். பள்ளிவாசல் கடிகாரத்தில் உங்களுக்கு என்ன வேலை? பத்து நிமிடம் பிந்தி ஓடுகிறது என்று பாங்கு சொல்லும் மோதினாரைப் பிடித்து உலுக்கி, ரேடியோ நேரத்துக்கு முள்ளைத் திருப்பினீர்கள். உங்கள் ராடார் நிலையத்தில் நேரம் துளி பிசகினாலும் விமானம் வேறு ஊரில் பறப்பதாகக் காட்டும் என்று ஜமாஅத்துக்கே பாடம் நடத்தினீர்கள். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நீங்கள் ரயிலேறியதிலிருந்து மழை மூடாக்கு. சூரியனை யாரும் பார்க்கவில்லை. கடிகாரத்தை நம்பிப் பாங்கு சொன்னார்கள், பாங்கை நம்பி நோன்பு திறந்தோம். ஒரு நாள் வானம் வெளுத்தது. வண்டிக்கார வெள்ளைச்சாமி வந்து, என்னங்க பாய், வெயில் இன்னும் அடிக்குது, அதுக்குள்ள கஞ்சி குடிக்கிறீங்க என்று கேட்டாராம். வெளியே வந்து பார்த்தால் பனைமர இடுக்கில் சூரியன் இன்னும் நிற்கிறது.

மார்க்கம் படித்த நம் ஆலிம்சா விளக்கிய பிறகுதான் புரிந்தது. பள்ளிவாசலில் தொங்குவது மெட்ராஸில் அச்சடித்த நோன்பு நேர அட்டவணை. இந்த மாதங்களில் அங்கே சூரியன் மறைந்து பத்து நிமிடம் கழித்துத்தான் இங்கே மறையுமாம். மோதினாரோ ஆறு மணி அறந்தாங்கி பஸ் வந்ததும் ஆறு என்று முள்ளை வைப்பவர். அந்த பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? அது பத்து நிமிடம் பிந்தி வந்த புண்ணியத்தில்தான் நம் நோன்பு இத்தனை வருடம் பிழைத்திருக்கிறது. இரண்டு ராடார் நிலையத்துக் கடிகாரமும் ஒத்துப்போனால் போதாது, எந்த நிலையம் எங்கே இருக்கிறது என்றும் தெரிய வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் நீங்கள்தானே? சொந்த ஊர் எங்கே இருக்கிறது என்பது மறந்துபோயிற்றா?

சூரியன் மறையுமுன் திறந்ததால் செல்லாமல் போன அந்த நோன்புகளை எல்லோரும் திரும்பப் பிடிக்கிறார்கள். என்னைக் கண்டால், உங்க வீட்டுக்காரர் தயவுல இன்னிக்கும் பட்டினி என்கிறார்கள். அது போகட்டும்.

உம்மா, டாக்டர் கூடாது என்று சொல்லியும் நோன்பு பிடித்தவர்கள். பெருநாளுக்கு மறுநாளே, தவறியதைத் திரும்பப் பிடிக்கும் களா நோன்பை ஆரம்பித்துவிட்டார்கள். முடியாதவர்கள் ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும் என்று ஆலிம்சாவே வீட்டுக்கு வந்து சொன்னார். கேட்கவில்லை. ஊர் நோன்பை முறிச்ச குத்தம் என் புள்ள தாஜுதீன் மேல நிக்கக் கூடாது, அவனுக்கும் சேத்துப் பிடிக்கிறேன் என்கிறார்கள். நேற்று தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போன இடத்தில் விழுந்துவிட்டார்கள். தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தால் வாயை இறுக மூடிக்கொள்கிறார்கள். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன.

நான் கத்தியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். உங்கள் சொல்லுக்குத்தான் அந்த வாய் திறக்கும். இவ்வளவையும் தந்தியில் சொல்ல வழியில்லாமல் கடிதம் எழுதினேன். நீங்கள் பதில் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். சாப்பிடுங்கள் உம்மா என்று தந்தி அடியுங்கள். தந்திக்காரரைக் கண்டால் சாவுச் செய்தியோ என்று தெருவே நடுங்கும், நடுங்கட்டும். நான் உங்களுக்கு ஒரு தந்தி அடிக்கும்படி ஆவதற்குள் நீங்கள் அடித்துவிடுங்கள்.

அல்லாஹ் உங்களுக்குச் சுகத்தைத் தரட்டும்.

உங்கள்
ராபியா