பார்க்காமல் எழுதிய வரி

7-7-2014, திங்கள்

காலையிலிருந்து காற்று. ஒரகடம் ரோட்டு மண் எல்லாம் என் ஜன்னலில்தான். லேப்டாப்பை இரண்டு முறை துடைத்தாயிற்று.

இன்று முப்பத்தொரு பொருளுக்கு விவரம் எழுத வேண்டும். மதியம் இவர் பி ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் வேகம் பிடித்தது. முடித்தவற்றில் சில:

ஜாவா கைடு, ஆரம்ப நிலை
சி++ கைடு, சி.டி.யுடன்
சுழல் வாளி வைத்த மாப்
தவழும் குழந்தைக்கு முட்டி உறை
ஓட்ஸ் பிஸ்கட், கொள்ளு மாவு
சத்து உருண்டை மூன்று வகை (தினை, கம்பு, கேழ்வரகு)
கார் சீட்டுக்கு மரமணி விரிப்பு

ஒன்றையும் தொட்டுப் பார்த்ததில்லை. ஒரு போட்டோ, ஒரு வரிக் குறிப்பு வரும். அதை நான் பத்து வரி ஆக்க வேண்டும், இங்கிலீஷில். அவர்கள் தங்கள் வெப்சைட்டில் போட்டுக்கொள்வார்கள்.

ஜாவா கைடுக்கு "எளிய நடை, ஒரே மாதத்தில் கற்கலாம்" என்று எழுதினேன். அதே புத்தகம் இங்கே அலமாரியில். யாழினி வயிற்றில் இருந்தபோது வாங்கியது, மறுபடி வேலைக்குப் போவதற்காக. அவளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. நான் நான்காம் பாடம் தாண்டவில்லை. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு.

உருண்டை மூன்றும் போட்டோவில் ஒன்று போலவே. தினைக்கு எழுதியதை எடுத்து மற்ற இரண்டிலும் ஒட்டி, தானியத்தின் பெயரை மட்டும் மாற்றினேன். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

யாழினிக்கு மூக்கு ஒழுகல். மதியம் தூங்கவில்லை.

9-7, புதன்

மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. வேலை பாக்கி.

கம்பெனி வண்டி வந்தது. பெட்டி நசுங்கி விற்க முடியாமல் போன சரக்கை எங்களைப் போல வீட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்குத் தந்துவிடுகிறார்கள். எனக்குக் கேழ்வரகு உருண்டை ஆறு பாக்கெட், காது குடையும் பஞ்சு ஒரு டப்பா. கீழே இறக்கும்போது பக்கத்து வீட்டு கன்னியம்மா அக்கா குழாயடியில். பஸ் கம்பெனி கேன்டீனில் வேலை, மண்ணூர்க்காரர்.

"இன்னா யாழினிம்மா, கடை வெக்கப் போறியா?"

"எடுத்துக்கோங்க அக்கா. கேழ்வரகு உருண்டை. வெல்லம் போட்டது."

"கீர்த்திக்குக் குடுக்கலாமா? கடலை கிடலை போட்டுக்கீறானா பாரு. பின்னாடி எல்லாம் இங்கிலீஷ்ல கீது."

கீர்த்தி அக்காவின் மகள், ஐந்து வயது. வேர்க்கடலை ஆகாது. பொங்கல் சமயத்தில் ஒரு துண்டு கடலை மிட்டாய் தின்று முகம் வீங்கி, மூச்சு இழுத்து, ஊசி போட்டுத்தான் அடங்கியது. அதிலிருந்து அக்கா எதையும் கேட்காமல் வாங்குவதில்லை.

"இல்லை அக்கா, வேர்க்கடலை கிடையாது. இதுக்கு விவரம் எழுதினதே நான்தான்."

"நீ எழுதினதா? அப்ப சரி."

இரண்டு பாக்கெட் கொடுத்தேன். நாள் முழுக்கப் பெருமையாக இருந்தது. எழுதுகிறவள் என்று இந்த லைன் வீடுகளில் யாரும் என்னைச் சொன்னதில்லை. நாள் முழுக்க வீட்டில் இருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள்.

11-7, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று மாலை கீர்த்திக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. அக்கா கேன்டீனில். அக்கா வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே. வீட்டில் இருந்தது அக்காவின் நாத்தனார் ரேவதி மட்டும். ரேவதி செல்போன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட், பகலில் கீர்த்தியைப் பார்த்துக்கொள்வாள். அவள்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள். ஊசி, ஆக்சிஜன். இரவு அங்கேயே. இன்று காலை கூட்டி வந்துவிட்டார்கள்.

அவர்கள் வந்து இறங்கியபோது நான் குழாயடியில் இருந்தேன். அக்கா வாசலில் நின்று ரேவதியைப் பிடித்துக்கொண்டார்.

"தெனம் வறுகடலை வாங்கினு வந்து கொறிச்சிகினு கெடப்பா. கொழந்த வாய்லயும் போட்டுட்டா."

"சாமி சத்தியமா குடுக்கல அண்ணி. அந்த உருண்டைதான் ரெண்டு துன்னா."

"அதுல கடலை இல்லன்னு படிச்ச பொண்ணு சொல்லிச்சி. நீ பொய் சொல்றியா, அது பொய் சொல்லுதா?"

அக்கா என்னைப் பார்த்தார். ரேவதியும் பார்த்தாள். நான் குடத்தை நிமிர்த்தி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

உள்ளே வந்து மீதி நான்கில் ஒரு பாக்கெட்டைத் திருப்பினேன். கேழ்வரகு மாவு, வெல்லம், வேர்க்கடலை, ஏலக்காய். மூன்றாவதாகவே இருக்கிறது. தினை உருண்டையில் கிடையாது. அதற்கு எழுதிய "வேர்க்கடலை இல்லாதது" என்ற வரியைத்தான் இதற்கும் ஒட்டியிருக்கிறேன். புதன்கிழமை பாக்கெட் என் கையில்தான் இருந்தது. திருப்ப ஒரு நொடி ஆகியிருக்குமா?

பிறகு என்ன செய்தேன் என்பதை எழுதியே ஆக வேண்டும். கீர்த்தியைப் பார்க்கப் போகவில்லை. லேப்டாப்பைத் திறந்து அந்த வரியை எடுத்தேன். "வேர்க்கடலை சேர்ந்தது" என்று மாற்றி மறுபடி அனுப்பினேன். இரண்டு நிமிடம். இனி யார் பார்த்தாலும் முதலிலிருந்தே சரியாக எழுதியது போல இருக்கும். நான்கு பாக்கெட்டையும் அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளினேன்.

யாழினி "அம்மா மம்மு" என்று முந்தானையை இழுக்கிறாள்.

12-7, சனி

இவர் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது சொன்னேன். ஷூ லேஸ் கட்டிக்கொண்டே கேட்டார்.

"விடு. பிள்ளை இப்ப நல்லாருக்குல்லா. போயிச் சொன்னா இந்த லைன்ல ஒருத்தி நம்ம மூஞ்சியில முழிக்க மாட்டா. ஒனக்கு வேலையும் போயிரும்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது போல. சரி என்றேன். உடனே என் மேலேயே வெறுப்பு.

இன்று ஒன்பது பொருள்தான். அதில் ஒன்று குழந்தை வளர்ப்புக் கைடு. அதற்கு என்ன எழுதினேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பகல் முழுக்க அக்கா குரல். ரேவதி கம்பெனி ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறேன் என்று அழுதாள். "போ, போய் அங்க கொறி" என்று பதில்.

மாலை அக்கா தயிருக்கு உறை மோர் வாங்க வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"டாக்டர் கேட்டாரு இன்னா துன்னான்னு. கடலைதான், நாத்தனார் குடுத்துட்டான்னு சொன்னேன். இப்ப வீக்கம் சுத்தமா இல்ல. நாளைக்குக் காலைல அந்த உருண்டையே ரெண்டு குடுக்கலாம்னு கீறேன். ஒடம்பு தேறணுமே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வேறொன்று சொன்னது.

"அக்கா, அது டேட் முடிஞ்ச சரக்குன்னு போன் வந்துச்சு. குடுத்துடுங்க, மாத்தித் தரேன்."

"அன்னிக்கு அத சொல்லவே இல்லியே?"

"நான் சரியா கவனிக்கல."

அக்கா போய்ப் பிரிக்காத பாக்கெட்டை எடுத்து வந்தார். "இத வெச்சிக்கோ. இன்னொண்ண பிரிச்சி டப்பால கொட்டிட்டேன். நல்லாத்தான் கீது, கெட்ட வாட ஒண்ணும் வரல. டேட் கீட்டெல்லாம் சும்மா."

சிரித்துவிட்டு மோரோடு போய்விட்டார். நான் அந்தப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பொய்யை மூட இன்னொன்று, அதுவும் பாதிதான் மூடியது. டப்பா அவர்கள் சமையலறையில் இருக்கிறது.

காலையில் கீர்த்தி எழுவதற்குள் போய்ச் சொல்ல வேண்டும். இங்கே எழுதிவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும் என்று எழுதுகிறேன்.

13-7, ஞாயிறு

ஐந்தே முக்காலுக்குக் கதவைத் தட்டினேன். ரேவதி திறந்தாள். பின்னால் அவளுடைய பை, ஜிப் மூடாமல். அக்கா ஸ்டவ் முன்னால். கீர்த்தி பாயில் குப்புறப் படுத்துத் தூக்கம்.

இரவெல்லாம் யோசித்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"அக்கா, அந்த உருண்டைல வேர்க்கடலை இருக்கு. ரேவதி குடுக்கல. நான் பாக்காம சொல்லிட்டேன். பாத்தப்புறமும் சொல்லல. நேத்து டேட் முடிஞ்சதுன்னு சொன்னதும் பொய்."

அக்கா அடுப்பை அணைத்தார். அலமாரியில் இருந்து டப்பாவை எடுத்து, என்னைத் தாண்டி வெளியே போய் உருண்டைகளைக் குப்பைத் தொட்டியில் கொட்டினார். குழாயடியில் டப்பாவை சோப்பு போட்டுத் தேய்த்தார். கழுவினார். மறுபடி சோப்பு. மூன்று முறை. ரேவதியும் நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து, "எப்ப பாத்த?" என்றார்.

"வெள்ளிக்கிழமை."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், "அத அவகிட்ட கேளு" என்று ரேவதியைக் காட்டினார். கேட்டேன். ரேவதி தரையைப் பார்த்தாள்.

கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டேன் என்றும், அந்த வரியை நம்பி வாங்கியவர்களுக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன் என்றும் சொன்னேன். அது உண்மை. வரும் முன்பே அனுப்பிவிட்டுத்தான் வந்தேன். ஞாயிறு என்பதால் பதில் இல்லை. அக்கா அதைக் கேட்ட மாதிரியே இல்லை. சமையலறைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தார். நூடுல்ஸ், கிரீம் பிஸ்கட், கோதுமை பிஸ்கட், சாக்லேட் பவுடர், மசாலா, சேமியா, கேன்டீனில் கொடுத்த மிக்சர்.

"உக்காரு. எல்லாத்தையும் திருப்பி, இன்னா போட்டுக்கீதோ அத வாய் விட்டுச் சொல்லு. உம் மனசுல இருக்கிறது வாணாம்."

உட்கார்ந்தேன். பொடி எழுத்து, ஜன்னல் பக்கம் சாய்த்துத்தான் பார்க்க முடிந்தது. கடலை இருப்பதில் எல்லாம் ரேவதி கீர்த்தியின் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெருக்கல் குறி போட்டாள். மிக்சர், பெருக்கல். சேமியா, இல்லை. கிரீம் பிஸ்கட்டில் ஒரு வரி: வேர்க்கடலையும் கையாளும் ஆலையில் தயாரானது.

"அப்டின்னா?"

"கலந்திருக்கலாம் அக்கா. இல்லாமலும் இருக்கலாம்."

"கீதா, இல்லியா?"

"தெரியாது."

அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு இத்தனை நாளாகியிருக்கிறது. அக்கா தலையாட்டினார். ரேவதி அதற்கும் பெருக்கல் போட்டாள். போட்டுவிட்டு, பேனாவை மூடாமல், முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"நேத்து அவ பசிக்குது அத்தைன்னு வந்தா. நான் பாத்ரூம்ல போய் தாப்பா போட்டுக்கினேன் யக்கா. எங்கையால எது குடுத்தாலும் செத்துடுவாளோன்னு."

அக்கா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பாயில் கீர்த்தி புரண்டு படுத்தாள்.

"அடுத்தது எடு" என்றார்.