கத்தியைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியவருக்கு

இன்று காலையில் பக்கத்து வீட்டுக் கமலா ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் கப்பலில் போகிறார்களாம். கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டு ஏறிய இடத்திலேயே இறங்குவார்களாம். அவர் கெமாஸ் ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவர். அம்மாவும் அப்பாவும் ஒரு தடவையாவது ஒன்றாகப் போய் வரட்டும் என்று பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கப்பலுக்குள்ளேயே நீச்சல் குளம் இருக்கிறதாம்.

"பெரியம்மா, இந்த வீட்டு வரிசையில கப்பல்ல போயிட்டு வந்தவங்க நீங்க ஒருத்தர்தான லா. வாந்தி வராம இருக்க என்ன செய்யறது, என்னென்ன கொண்டு போவணும், எல்லாம் சொல்லுங்க" என்றாள்.

பழம் நல்லதா என்று பார்க்க ஒன்றை நகத்தால் கீறி மூக்கில் வைத்தேன். அவ்வளவுதான், நீங்கள் என் நினைவில் வந்து நின்றுவிட்டீர்கள். "சாயங்காலம் வா, யோசிச்சுச் சொல்றேன்" என்று அவளை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் ஒன்றை நினைப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் பேப்பரை நான்தான் படித்துக் காட்டுவேன். முதலில் சாவு அறிவிப்பு, பிறகு ரப்பர் விலை, கடைசியில்தான் நாட்டு நடப்பு என்று அதற்கும் ஒரு முறை வைத்திருந்தீர்கள். ஆக, இந்த மடலை எழுதி முடித்து உங்கள் படத்துக்கு முன்னால் நானேதான் படித்தும் காட்ட வேண்டும். போன பிறகும் எனக்கு வேலை வைக்கிற ஆள் நீங்கள்.

நாம் கப்பலேறியது இந்த மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி நடந்த காலம். கமலா அப்போது கைக்குழந்தையாக இருந்திருப்பாள், அவளிடம் சொன்னால் புரியுமா? ரப்பர் தோட்டத்தில் நாம் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைகளைச் சுற்றி முள்கம்பி போட்டு, நாலு மூலையிலும் விளக்கு வைத்து, ஒரே ஒரு கேட்டை மட்டும் விட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்து மணி அடித்தால் யாரும் வெளியே தலை காட்டக் கூடாது. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. விடியற்காலையில் ரப்பர் மரத்துப் பட்டையை வெட்டிப் பால் எடுக்கப் போகிற அத்தனை பேரும் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஆண்களைச் சிப்பாய் தடவிப் பார்ப்பான். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள். நான் சேலையை உதறிவிட்டு நடந்துவிடுவேன். உங்களால் முடியவில்லை. ஒரு நாள் தேத்தண்ணி போத்தலை அந்தப் பையன் கவிழ்த்து ஊற்றிப் பார்த்தான், அடியில் அரிசி இருக்கிறதா என்று. நமக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அவன் வயதுகூட இருக்காது அவனுக்கு. அன்றைக்கு நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை.

அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் "ஊருக்குப் போய்ட்டு வருவோம்" என்றீர்கள். பத்து வயதில் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர் நீங்கள். நான் இங்கேயே பிறந்தவள், ஊர் என்றால் எனக்கு லயம்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போன தூரப்பயணம் போர்ட்டிக்சன் கடற்கரை ஒன்றுதான். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

லயத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கப்பலின் நடுவில் பாயைப் போடு, ஓரத்தில் போட்டால் குடல் வெளியே வந்துவிடும். தண்ணீரை உற்றுப் பார்க்காதே. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே இரு. புளிச்சோற்றை நல்லெண்ணெய் விட்டுக் கிளறினால் கரை சேரும் வரைக்கும் கெடாது. எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினேன். நீங்களோ எல்லாரிடமும் "மூணு மாசத்துல வந்துருவோம்" என்றீர்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், உங்கள் பால்மரம் வெட்டுகிற கத்தியைப் பக்கத்து வீட்டு முனியாண்டியிடம் கொடுத்ததை நான் பார்த்துவிட்டேன். கோழியைக் கொடுத்தால் வளர்க்கக் கொடுத்தது, சட்டியைக் கொடுத்தால் புழங்கக் கொடுத்தது. மரம் வெட்டுகிறவன் கத்தியைக் கொடுப்பானா? கைப்பிடி உங்கள் உள்ளங்கைக்கென்றே தேய்ந்து போன கத்தி அது. கூடப் பிறந்தவனுக்குக்கூட இரவல் தர மாட்டீர்கள். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. நீங்கள் திரும்பி வருகிற எண்ணத்தில் இல்லை.

நம் சாந்தாவுக்கு அப்போது நாலாம் மாதம். கெமாஸ் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வந்து, தலைப்பிரசவத்தை நான்தான் பார்க்க வேண்டும். நாம் வராவிட்டால் அந்த லயத்து வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். என் பெண்ணுக்குப் பிள்ளை பெற்றுக்கொள்ளத் தாய்வீடு என்று ஒன்று இருக்காது. கேட்டால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டினேன்.

கேட்டில் நடந்தது இருக்கிறதே, இப்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வயிறு எரிந்தது. கப்பலுக்குப் போகிறவர்களை விட்டுவிடுவார்கள் என்று நினைத்துப் பெரிய தூக்கில் புளிச்சோறு, அவல், முறுக்கு எல்லாம் கட்டியிருந்தேன். சோதிக்கிற பெண் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, நான் என்னா செய்றது, சட்டம் லா" என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். பாவம், அவளுக்கே முகம் தொங்கிப் போயிற்று. கடைசியில் மிஞ்சியது எலுமிச்சம்பழம் மட்டும். துறைமுகத்தில் அம்மை ஊசி போட்டுக்கொண்டு, கப்பலின் மேல்தட்டில் ஏறிப் பாயை விரித்துப் பார்த்தால், தோட்டத்திலிருந்து வந்த எல்லாக் குடும்பத்துக்கும் அதே கதி. யார் பையைத் திறந்தாலும் எலுமிச்சம்பழம்தான் உருண்டு வந்தது. கப்பல்காரன் சோறு போட்டானோ, பிழைத்தோமோ.

அந்தச் சோற்றை வாங்கப் போன இடத்தில் நீங்கள் செய்ததை எந்த ஜென்மத்தில் மறப்பேன்? வெள்ளைச் சட்டைக்காரன் கரண்டியோடு வந்து உங்கள் முன்னால் நின்றான். நீங்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினீர்கள். அவன் திகைத்துப் போனான். நமக்குப் பின்னால் நின்ற லிங்கித் தோட்டத்துக்காரரும் கையைத் தூக்கிவிட்டார். பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

அன்று பொழுது சாய்கிற நேரம், என்னத்துக்கோ கப்பலில் மணி அடித்தார்கள். அடித்ததுதான் தாமதம், தோட்டத்துச் சனம் முழுவதும் பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளை அதட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. யாரும் சொல்லவில்லை. கீழே புழுக்கத்தில் இடித்துக்கொண்டு சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். பட்டணத்துச் செட்டியார் குடும்பம் ஒன்று மேலே காற்று வாங்கிக்கொண்டு, நம்மைப் பார்த்து இவர்களுக்கு என்ன வந்தது என்று பேசிக்கொண்டது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "வாங்க மேல, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று உங்கள் துண்டைப் பிடித்து இழுத்தேன். மேலே வந்தும் நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிக்கட்டையே பார்த்திருந்தீர்கள். வெகுநேரம் ஆயிற்று நீங்கள் திரும்ப. வேலியும் இல்லை, விளக்கும் இல்லை. "இத்தன வெட்டவெளியப் பாத்து எத்தன வருஷமாச்சு புள்ள" என்றீர்கள்.

அப்போது கேட்டேன். "கத்தியக் குடுத்துட்டீங்களே?"

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"முடியல புள்ள. தெனம் விடிஞ்சா கையத் தூக்கிட்டு நிக்கிறேன். நான் என்னா திருடனா? அந்த கேட்டுக்குள்ள இனி என்னால காலெடுத்து வைக்க முடியாது. அலுத்துப் போச்சு."

"எனக்கு மட்டும் அலுக்கலியா? சாந்தா பிள்ள பெக்க எங்க வருவா?"

"அவ மாமியா பாத்துக்குவா."

"அப்ப நீங்க ஊர்ல இருங்க. நான் திரும்பிப் போறேன்" என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது என்பதை எனக்கே நம்ப முடியவில்லை. உங்களைவிட்டு ஒரு நாள் இருந்தவள் இல்லை நான். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. யாரோ புது ஆளைப் பார்ப்பது போல் பார்த்தீர்கள்.

தோட்டத்தில் சண்டை போட்டால் விடிந்ததும் நீங்கள் ஒரு மர நிரைக்குப் போவீர்கள், நான் ஒரு நிரைக்குப் போவேன். பால் எடுத்து எடை போட்டு, குளித்து, சமைத்து முடிப்பதற்குள் சண்டை என்னவென்றே மறந்துவிடும். கப்பலில் எங்கே போவது? ஒரே பாய். அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான், நடுவில் எலுமிச்சம்பழப் பை. வேலை இல்லாமல் பகல் முழுவதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நமக்குத் தெரியவே தெரியாது என்று அங்கேதான் கண்டுகொண்டேன். எனக்குத் தலை சுற்றியபோது நீங்கள் பேசாமலே ஒரு பழத்தைக் கீறி என் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள். நானும் பேசாமல் வாங்கிக்கொண்டேன். நாகப்பட்டினம் போகும் வரைக்கும் நமக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஊரில் உங்கள் அண்ணன் வீட்டில் நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். நீங்கள் விடிகாலையில் எழுந்து வரப்பு மேல் கையை வீசிக்கொண்டு போவீர்கள். கேட்பார் யாரும் கிடையாது. முகத்தில் தெளிவு வந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் ஏறியது. நாம் பிரியப் போகிறோம் என்றே முடிவு செய்துவிட்டேன். கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியபோது என் துணிகளை மட்டும் எடுத்துத் தனியாக மூட்டை கட்டினேன்.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். மூட்டையைப் பிரித்து, துணியை எடுத்துப் பெரிய பெட்டிக்குள் போட்டீர்கள். மேலே உங்கள் வேட்டியையும் வைத்தீர்கள். "போய் முனியாண்டிகிட்ட கத்தியத் திருப்பிக் கேக்கணும்" என்றீர்கள்.  ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

தோட்டத்துக் கேட்டில் வந்து இறங்கினோம். அதே முள்கம்பி, அதே விளக்கு. சிப்பாய் அந்தக் கடைசியில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தான், நம்மைக் கவனிக்கவே இல்லை. நீங்கள் பெட்டியைக் கீழே வைத்தீர்கள். அவன் வருவதற்கு முன்னாலேயே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். என்னைப் பார்த்து, "நீ மொதல்ல போ. வூட்டக் கூட்டி வையி, சாந்தா வந்துரும்" என்றீர்கள்.

சாந்தா வந்தாள். அந்த லயத்து வீட்டிலேயே பெற்றாள். பேரனை முதலில் கையில் வாங்கியது நீங்கள்தான். திரும்பி வந்தது சரிதானா என்று அதற்குப் பிறகு ஒரு நாளும் நீங்கள் சொல்லவில்லை. கம்பியைப் பிடுங்கிப் போட்ட பிறகும் சொல்லவில்லை.

சாயங்காலம் கமலாவும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். பழத்தை மோந்துகொண்டிருக்கச் சொன்னேன். நடுவில் இருக்கிற அறையாகக் கேட்டு வாங்கச் சொன்னேன். பொழுது சாயும்போது அறைக்குள் அடைந்து கிடக்காமல் இரண்டு பேரும் மேலே போய் நில்லுங்கள் என்றேன். "சண்டை போடுறதா இருந்தா வூட்லயே போட்டு முடிச்சிட்டு ஏறுங்க. அங்க கோவிச்சிக்கிட்டுப் போக எடம் இல்ல" என்றதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கமலா சிரிக்காமல் அவரைப் பார்த்தாள். அவர்களுக்கும் ஏதோ இருக்கிறது போல. எல்லாருக்கும் இருக்கும்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. உங்கள் கடைசி நாட்களில், சிரம்பான் ஆஸ்பத்திரியில், நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட யார் உங்கள் கட்டில் பக்கம் வந்தாலும் படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கிவிடுவீர்கள். "என்னா வேணும் தாத்தா, தண்ணியா?" என்று அந்தத் தாதி கேட்பாள். ஒன்றும் வேண்டாம் என்று நான் சொல்வேன். உங்கள் கைகளைப் பிடித்து, மெல்ல இறக்கி, போர்வைக்குள் வைப்பேன். திரும்பவும் தூக்குவீர்கள். திரும்பவும் இறக்கி வைப்பேன்.

வேண்டாம் என்று விட்டுப்போன இடத்துக்கு எனக்காகத் திரும்பி வந்து தூக்கிய கைகள் அவை. உடம்பில் சதையே இல்லாமல் போயிருந்தது, ஆனாலும் அந்தக் கைகள் கனத்தன. அந்தக் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது. இதைப் படித்துக் காட்டும்போது உங்கள் காதில் விழுமானால், இனிமேல் தூக்காதீர்கள். கேட்டில் யாரும் இல்லை.