சோதனை ஒலி

ஊர்காவற்துறை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் றெஜினாவுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். நீரும் மருமகனும் நோர்வேக் குளிரில் சுகமாய் இருக்க மன்றாடுகிறேன். எழுத்து நண்டு ஓடின மணல் மாதிரிக் கிடக்கும், பொறுத்துக்கொள்ளும். மூன்று நாளாய் எழுதுகிறேன். ஆனால் இது யாரையும் கெஞ்சி எழுதுவித்த கடிதமில்லை, உம்முடைய அப்பாவின் சொந்தக் கை. எழுபத்திரண்டு வயதில் கேதீஸ்வரி ரீச்சரின் வகுப்புக்குப் போய், போன மாதம் ஒரு முழுப் பந்தி வாசித்தேன். அந்தச் சந்தோசப் புளுகத்தில் பஸ்ஸின் பலகை, மருந்துப் போத்தல், சவர்க்கார உறை எல்லாம் வாசித்துத் திரிகிறேன். சனம் சிரிக்கிறது, சிரிக்கட்டும்.

அதே புளுகத்தில்தான் அலுமாரியைத் திறந்து எங்கள் கோயில் வானொலியின் பத்தாம் ஆண்டு மலரை எடுத்தேன். வானொலியை நடத்துகிற வசீகரன் அதைத் தந்தபோது, அண்ணை, ஏழாம் பக்கத்தில் செத்துப்போன அக்காவைப் பற்றிக் கிடக்கு என்று சொன்னவன். அன்று தொடக்கம் உம்முடைய அம்மாவின் படத்தை அந்தப் பக்கத்துக்குள்தான் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் விரித்துக் காட்டினேன், எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். செத்தவர்களை நினைக்கிற ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளிலும் அதை முத்தமிட்டேன். இப்போது எழுத்துக்கூட்டி வாசித்தால், பிள்ளை, அது ஜெனறேற்றரின் கதை. அதை அன்பளித்த கொழும்பு முதலாளியின் பெயரைத்தான் இத்தனை வருசம் கொஞ்சியிருக்கிறேன். எழும்பிப் போய் வாயைக் கழுவினேன்.

பிறகு முழு மலரையும் இரண்டு கிழமையாய் வாசித்தேன். அம்மாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. வானொலி தொடங்குவதற்கு முதல் நாள் மாலை சோதனை ஒலி அனுப்பப்பட்டது என்று ஒரேயொரு வரி. அந்த நாளில் நீர் படிப்புக்காக யாழ்ப்பாணத்தில் நின்றீர். தவக்கால வெள்ளிக்கிழமை. வரவேண்டிய அறிவிப்பாளர் வரவில்லை, பங்குச் சுவாமியின் குசினிக்குப் பின்னால் இருந்த அறையில் மைக் சும்மா கிடந்தது. கோயில் கூட்ட வந்த அம்மாவைக் கதிரையில் இருத்தி, ஞானசவுந்தரி, பசாம் பாடும் என்றார் சுவாமி. விளக்குமாறை மடியில் வைத்தபடியே ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் அந்தப் பசாமை ஒரு மணித்தியாலம் பாடி அழுதாள். எழுவைதீவில் ரேடியோ கேட்ட சனம் கரையில் முழந்தாளில் நின்றதாக மறுநாள் வள்ளத்தில் வந்தவர்கள் சொன்னார்கள். அதுவோ சோதனை ஒலி?

வசீகரனிடம் போய்க் கேட்டேன். அனுமதிப் பத்திரம் அடுத்த நாள்தான் தொடங்கியது, அண்ணை, அதற்கு முதல் போனதெல்லாம் சோதனைதான் என்றான். எங்களைச் சோதனையில் விழவிடாதேயும் என்று நாளாந்தம் செபிக்கிறோமே, அந்தச் சோதனையோ என் பெண்சாதி என்றேன். ஏழாம் பக்கத்தைக் காட்டினால், உங்களுக்கு வாசிக்கத் தெரியாதுதானே, மனம் ஆறட்டும் என்று சொன்னனான் என்று இளிக்கிறான். பழுதான மீனை ஐசால் மூடி விற்கிறவனும் இப்படித்தான் இளிப்பான்.

ஆனால் நீரும் அதையே செய்தீர். லீவில் வந்தபோது வாசித்துக் காட்டச் சொன்னேன். ஜெனறேற்றரின் கதையைப் பார்த்துக்கொண்டு, அம்மாவின் குரல் கடல் தாண்டிப் போனது, கேட்டவர்கள் வலையை விட்டு அழுதார்கள் என்று ஒரு பந்தியே வாசித்தீர். இரங்கித்தான் செய்தீர், தெரியும். ஊரே அறிந்ததை நான் மட்டும் அறியாமல் இருக்க விட்ட இரக்கம் எனக்கு வேண்டாம்.

இப்போது இருபதாம் ஆண்டு மலர் அடிக்கப் போகிறார்கள். அதில் அம்மாவைப் பக்தியுள்ள ஒரு மீனவப் பெண் என்று போடலாம் என்றான் வசீகரன். அவளுக்குப் பெயர் இருக்கிறது என்று அவனுடைய தாளை இழுத்து, ஞானசவுந்தரி பஸ்ரியாம்பிள்ளை என்று நானே எழுதினேன். அந்த ஞா வர நேரமெடுத்தது, அதுவரை தாள் நகராமல் பிடித்துக்கொண்டு நின்றான். பெயருக்குக் கீழே போட ஒரு பந்தி வேண்டுமாம். நீர் அன்று வாசித்தீரே, அதை எழுதி அனுப்பும். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, அச்சில் கிடக்கு என்றதுதான் பொய். பெரிய எழுத்தாய் எழுதும், அவனுக்குக் கொடுக்க முதல் நான் வாசிக்க வேண்டும்.

வேலைக்குப் போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போம். திருஇருதய ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். உம்முடைய பந்தி கிடைத்த அடுத்த திங்கள் அச்சுத்தாளைக் காட்டுவானாம், என்ன கிடக்கிறதென்று அந்தக் கிழமையே எழுதுவேன்.

உம்முடைய அப்பா,
பஸ்ரியாம்பிள்ளை