மண்ணெண்ணெய் வாடையடித்த வைன்

நீ விட்டுப்போன வெள்ளை வைன் போத்தலில் இன்னும் பாதி இருக்கிறது. லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தருக்கும் அது வேண்டாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொழும்பில் பெரிய ஹோட்டலில் வைன் ஊற்றப் போனவன் நீ. போன பிறகு இந்தத் தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்தில் பிறந்ததையும், கூட வளர்ந்த கூட்டாளி என்னையும் மறந்தாய். என் மகளின் சடங்குக்கு ஒரே ஒரு தடவை வந்தாய். நான் வேலை செய்யும், ரப்பர் ஷீட் காயவைக்கும் ஸ்டோரைத் தாண்டும்போது மூக்கில் வைத்த கைக்குட்டையைப் பந்தியில் உட்காரும்வரை எடுக்கவில்லை. "எப்படிடா இந்த நாத்தத்துல குடும்பம் நடத்துறீங்க?" என்று என் மாமனார் முன்னாலேயே கேட்டாய்.

"மூக்கைக் கழட்டி அவிசாவளை பஸ்லயே வச்சிட்டு வந்திருக்கலாமே" என்றேன். அதோடு பேச்சு நின்றது. நீ சாகும்வரை நாம் பேசவில்லை.

உன் கருமாதி இந்த லயத்தில்தான் நடக்க வேண்டுமென்று நீ சொல்லிவைத்தாயாம். உன் மனைவி வந்து அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கையில் உன் படமும் இந்தப் போத்தலும். வருஷக்கணக்காகக் காசு சேர்த்து வாங்கித் திறக்காமல் வைத்திருந்தாயாம். நம் ஆட்களுக்குப் படையலில் சாராயம் வைப்போம். துரைக்கு மட்டும் சீமை வைன். செத்தும் பவுசு குறையவில்லை.

கார்க்கைப் பிடுங்கினேன். குப்பென்று மண்ணெண்ணெய் வாடை. படையலுக்கு வைப்பதை மோந்து பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் மூக்கை வைத்தேன். புது ரப்பர் ஷீட்டின் வாடையும் சேர்ந்து அடித்தது.

"தங்கச்சி, இத மண்ணெண்ண கேனுக்குப் பக்கத்துல வச்சிருந்தீங்களா? கெட்டுப்போச்சு."

"இல்லண்ணே. இந்த வைன் பழசானா அப்படித்தான் மணக்குமாம். ஹோட்டல்ல யாராவது கிளாஸ்ல மிச்சம் வச்சா, இவரு குடிக்க மாட்டாராம். மோந்துக்கிட்டே நிப்பாராம். 'எங்க ஸ்டோர் வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்கு'ன்னு வீட்டுக்கு வந்து சொல்லுவாரு."

படையல் முடிந்ததும் உனக்கு வைத்த கிளாஸை நான்தான் குடித்தேன். வெறும் புளிப்பு. நம் கித்துள் மரத்துக் கள்ளுக்குக் கால்தூசி பெறாது. இதைத்தான் அந்தப் பணக்காரக் கூட்டம் கண்ணை மூடி உறிஞ்சுகிறதா?

அவர்களை விடு. அவர்களுக்கு வேறு வேலை இல்லை. உனக்கு என்னடா கேடு? ஊரார் எச்சில் கிளாஸில் போய் நம் தோட்டத்தைத் தேடினாயே, மடையா. ஒரு பஸ் ஏறியிருந்தால் போதாதா? நான் உன்னை ஏசியிருப்பேன். ஏசிவிட்டுச் சோறும் போட்டிருப்பேன்.

உன்மேல் இருந்த கோபத்தை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். அதையும் கெடுத்துவிட்டாய். இப்போது காலையில் ஸ்டோர் கதவைத் திறந்ததும் கொஞ்சம் நின்று, மூச்சை நன்றாக உள்ளே இழுக்கிறேன், உனக்கும் சேர்த்து.