அண்ணன் கழுத்துக் குழாய்

12, செவ்வாய்

மதியமே மழை. பிரிக்பீல்ட்ஸ் முழுக்க ஜாம். குடையை லேபிலேயே விட்டுவிட்டேன்.

இன்றைய சோதனை: பாக்டீரியா மட்டும் வளர்ந்த டயாலிசிஸ் குழாய்த் துண்டு, நாங்கள் செய்யும் பெப்டைட் மருந்து பட்டதும் சுத்தம். பூஞ்சை மட்டும் வளர்ந்த துண்டும் சுத்தம். இரண்டும் சேர்ந்து வளர்ந்ததில்? ஒரு மண்ணும் ஆகவில்லை. பிசின் மாதிரி படலம் கட்டி உள்ளே ஒளிந்துகொள்கின்றன. மருந்து மேலேயே ஒட்டி வீணாகிறது. எத்தனையாவது தடவையோ.

பாஸ்: "Again செஞ்சு பாருங்க லா."

வாங்க: காப்பித்தூள், பூனைச் சாப்பாடு.

13, புதன்

கிள்ளான், ஆஸ்பத்திரி. டயாலிசிஸ் நடுவிலேயே அண்ணனுக்குக் குளிர் ஜுரம். கழுத்துக் குழாயில் கிருமி. டாக்டர் சொன்னார், ஒன்றல்ல, இரண்டு: ஒரு பாக்டீரியா, ஒரு பூஞ்சை.

குழாயை எடுத்தே ஆக வேண்டுமாம். டயாலிசிஸுக்காக முன்பு கையில் வைத்த வழி நிலைக்கவில்லை. கழுத்தின் மறுபக்க ரத்தக்குழாய் எப்போதோ அடைத்துவிட்டது. மிச்சம் தொடைதான். "அதுவும் போனா டாக்டர்?" என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அண்ணி வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்: "எங்க நாத்தனார் இந்தக் கிருமிக்குத்தான் மருந்து செய்யுது." பக்கத்துக் கட்டில் ஆன்டி வரை என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மானம் போகிறது.

"கொஞ்சம் கொண்டாந்து ஊத்தக்கூடாதா தேவி?"

"மனுஷங்களுக்கு இன்னும் குடுத்ததே இல்ல அண்ணி. ரெண்டும் சேந்து இருந்தா கேக்கவும் மாட்டேங்குது."

"அப்ப இத்தன வருஷமா என்னதான் செய்யறே?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

15, வெள்ளி

நேற்று எழுதவில்லை. பூனைச் சாப்பாடு மறந்தேன்.

காலையில் குழாயை எடுத்தார்கள். தட்டில் கிடந்தது. லேபில் நான் மாய்ந்து மாய்ந்து வளர்ப்பது, அண்ணன் உடம்பில் தானாக வளர்ந்திருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை. கண்ணையும் எடுக்க முடியவில்லை.

அண்ணன் கவனித்துவிட்டார். "எடுத்துட்டுப் போ லா. உன் மருந்தப் போட்டுப் பாரு. எனக்கு இல்லனாலும் அடுத்தவனுக்கு ஆவும்."

"அனுமதி இல்லாம எடுக்க முடியாதுண்ணே. கேட்டு வாங்க மாசக்கணக்காவும்."

தட்டை எடுக்க வந்த நர்ஸ் மிஸ்ஸி அதைக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்.

"அதுவும் வீணா?" என்று அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கள் தொடையில் புதுக் குழாய். அண்ணி அது வந்த பெட்டியைக் காட்டினார். லேபில் நான் துண்டு துண்டாக வெட்டுகிறேனே, அதே கம்பெனி, அதே குழாய்.