பாலம் தாண்ட உத்தரவு

எல்ம் ஃபால்ஸ்,
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி ஆரினுக்கு,

அரிசோனா வெயிலில் நீயும் ஜோனும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகமில்லை. கோபத்தில் எழுதினால் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. பாலத்தருகே நடந்தது.
2. நீ உருவாக்கிய துறை இப்போது நடக்கும் விதம்.
3. என் மகளை என்ன செய்யப் போகிறார்கள் என்பது.
4. உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை என்பது.

போன ஞாயிறு சர்ச் முடிந்த நேரம். ஆற்றுக்கு மேற்கே முடிதிருத்தும் லாயிட்டின் வீடு பற்றிக்கொண்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் கட்டிலோடு இருப்பது உனக்குத் தெரியாது. மேற்குத் தீயணைப்பு நிலையத்து வண்டி நெடுஞ்சாலை விபத்துக்குப் போயிருந்தது. கிழக்கு நிலையத்தில் நம் பெண் சிக்ரிட்தான் கேப்டன். புகையைப் பார்த்ததும் வண்டியை எடுத்துவிட்டாள். பாலத்தருகே வந்தபோது வயர்லெஸ்ஸில் நிறுத்தினார்கள்: "இரு, எல்லை தாண்ட உத்தரவு வரட்டும்."

உத்தரவு யாரிடமிருந்து? இங்கேதான் இரண்டாவது விஷயம். ஷெரீஃப், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், அவசர அழைப்பு அறை நான்கையும் ஒரே கூரையின் கீழ், ஒரே இயக்குநரின் கையில் கொண்டுவந்தவன் நீ. யார் யாருக்குக் கீழே என்ற வரைபடத்துக்குக் கட்டம் போட்டுத் தந்தவன் நான். வரைபடத்தில் இன்றும் குறை காணவில்லை. ஒருமுறை இரண்டு வண்டியும் ஒரே தீக்குப் போய், மறுகரை காலியாகக் கிடந்ததால்தான், உத்தரவில்லாமல் ஆற்றைத் தாண்டக் கூடாது என்று எல்லை விதியை வைத்தாய். அதுவும் நியாயம். ஆனால் அன்று அழைப்பு அறை பணி அதிகாரியைக் கேட்டது. பணி அதிகாரி தீயணைப்புப் பிரிவுத் தலைவரைக் கேட்டார். தலைவர், உனக்குப் பின் வந்த இயக்குநர் ப்ரூக்ஸைக் கேட்கப் பார்த்தார். ப்ரூக்ஸ் உறைந்த ஏரியில் துளை போட்டு மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். கைபேசி காரில் கிடந்தது. தனக்குப் பதில் யார் என்று அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை. இதுதான் நிர்வாகமாம்!

"உத்தரவு வர்றதுக்குள்ள லாயிட் வெந்துருவாரு. என்னை அப்புறமா திட்டிக்கோங்க," என்று சொல்லிவிட்டு சிக்ரிட் பாலத்தைத் தாண்டினாள். போர்வையோடு அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தாள். வீடு போய்விட்டது. மனிதர் பிழைத்தார். "ஏம்மா, என் ரேடியோவையாவது எடுத்துட்டு வந்திருக்கலாமே," என்று ஆஸ்பத்திரியில் அவர் குறைப்பட்டாராம். கிழக்கே அந்த நேரத்தில் வண்டியைக் கூப்பிட ஒரு பூனைகூட மரத்தில் சிக்கவில்லை.

அவளுக்கு மெடல் கொடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். வேலையை விட்டு நீக்க விசாரணை வைத்திருக்கிறார்கள், வரும் திங்களன்று.

நேற்று கவுண்டி நிர்வாக மன்றக் கூட்டத்தில் ப்ரூக்ஸ் எழுந்து, "ஆளாளுக்கு மனசுல பட்டதைச் செஞ்சா அது துறை இல்லைங்க, கும்பல்," என்றார். நம் ஊர்க்காரர்கள் எப்படி என்று உனக்குத் தெரியும். எல்லோரும் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு லெமன் பார் கேக் தின்றார்கள். நான் கையை உயர்த்தினேன். மன்றத் தலைவர் என் பெயரைச் சொன்னதும், போன கூட்டத்தின் குறிப்புகள் ஏற்கப்பட்டுவிட்டனவா என்று கேட்டேன். ஆரின், அதைத்தான் கேட்டேன். ஏற்கப்பட்டுவிட்டன என்றார்கள். நன்றி சொல்லி உட்கார்ந்தேன். வாசலில் காபிக்கடை வெர்னா பிடித்துக்கொண்டாள்: "ஹால்வர், பெத்த பொண்ணுய்யா அவ! உன் வாய் லெமன் பார் திங்க மட்டுந்தான் திறக்குமா?"

சிக்ரிட் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "விடுங்கப்பா, உங்களுக்குக் கூட்டம்னாலே ஆகாது," என்று என் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். அதுதான் பொறுக்க முடியவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம். விதியை எழுதி வைத்தாய். விதிவிலக்கை வாயால் சொல்லிவிட்டுப் போனாய். கிழக்கு நிலையத்தில் ஒவ்வொரு கேப்டனிடமும், "புகை தெரிஞ்சா போ, அப்புறமா எனக்குச் சொல்லு, மறுகரைக்கு நான் ஆள் அனுப்புறேன்," என்பாய். சிக்ரிட் பொறுப்பேற்ற அன்று அவளிடமும் சொன்னாய். அதை நம்பித்தான் அவள் பாலத்தைத் தாண்டினாள். "அப்படி யாரும் சொன்னதா துறைக்குத் தெரியாது," என்கிறார் ப்ரூக்ஸ். மற்ற கேப்டன்கள் தரையைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் வேலை வேண்டும். நீ தெற்கே வெயிலில் கோல்ஃப் ஆடுகிறாய். அம்மாவின் வீட்டை விற்ற விவகாரத்துக்குப் பிறகு இரண்டு குளிர்காலமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். என் கோபத்தில் எவ்வளவு உனக்குரியது, எவ்வளவு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்ட எனக்குரியது என்று தெளிவாகத் தெரியவில்லை. திங்களன்று பேசுவேன். குரல் நடுங்கும், ஆனாலும் பேசுவேன். ஆனால் நான் அவளுடைய அப்பா. அப்பாவின் சொல் விசாரணையில் எடுபடாது. அந்த வார்த்தையைச் சொன்னவன் வந்து நின்று சொன்னால்தான் எடுபடும்.

ஆகவே நான்காவதாக எழுதியது தவறு. விசாரணை காலை ஒன்பதுக்கு. மாடி அறையில் படுக்கை விரித்திருக்கிறேன். சாலையெல்லாம் பனி, மெதுவாக வா. ஆனால் வந்துவிடு.

உங்கள் இருவரையும் கடவுள் காக்கட்டும்.

உன் அண்ணன்,
ஹால்வர்