ஏழடியில் நிறுத்திய குழி

கோவில்பட்டி,
2.2.2025

அன்பு மகள் பிரித்திகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அகமதாபாத்தில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் என் பெயரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

புதியம்புத்தூர் சங்கரபாண்டி முதலாளிக்கு நீ வரைந்து கொடுத்த தையல்கூடம் முடிந்துவிட்டது. படத்தின் மூலையில் உன் பெயரைப் பார்த்துத்தான் அதைக் கட்டும் வேலையைக் கேட்டு வாங்கினேன். நீ என் மகள் என்று அவரிடம் சொல்லவில்லை.

கூரையை ரம்பப்பல் போல அடுக்கடுக்காக நிறுத்தி, வடக்குப் பக்கம் மட்டும் கண்ணாடி வைக்கச் சொல்லியிருந்தாய். இது என்ன கோலம் என்று முதலில் முணுமுணுத்தேன். திறப்பு விழா அன்றே மிஷின்களை ஓடவிட்டார்கள். உள்ளே போய் நின்றேன். எண்பது மிஷின், ஒன்றின் மேலும் நிழல் விழவில்லை, ஒருத்தி முகத்திலும் வெயில் இல்லை. இஸ்திரி மேஜைகளை ஓரமாகத் தள்ளி, மேலே சூடு வெளியேற வழி விட்டிருக்கிறாய். நாற்பது வருஷமாகக் கட்டுகிறேன். உள்ளே இருப்பவர் எங்கே உட்காருவார் என்று யோசித்து நான் ஒரு சுவரும் எழுப்பியதில்லை.

காஜா எடுக்கும் மாரிச்செல்வி, "கறுப்புத் துணியில கறுப்பு நூலு ஓடுறது இப்பதான் அண்ணாச்சி கண்ணுக்குத் தெரியுது. அந்தப் பிள்ள ரெண்டு நாள் எம் பக்கத்துலயே உக்காந்துல்லா பாத்துச்சு" என்றாள். நீ புதியம்புத்தூர் வரை வந்து போனது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு வாய் ஏது?

விழாவுக்கு நாகலாபுரம் முத்துசெல்வம் அண்ணாச்சியும் வந்திருந்தார். நீ முதன்முதலில் வரைந்து நான் கட்டியது அவர் வீடுதானே. மாட்டியிருந்த படத்தில் உன் பெயரைப் படித்துவிட்டு, புதுச் சுவரைத் தடவிப் பார்த்தார். கார்த்திகை மழை முழுக்க நனைந்தும் மயிரிழைக் கீறல்கூட இல்லை. "இதுவும் கரிசல்தான, கோபாலசாமி? ஒம்ம மவ வரஞ்சதுதான? எங்க வீடு மட்டும் ஏன்வே வெடிச்சுது?" என்று கேட்டார். முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார்.

அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன், பிரித்திகா. இந்த மண் மழைக்கு உப்பும், கோடைக்குப் பிளக்கும். அது அசைக்காத ஆழம்வரை அஸ்திவாரக் குழி போகவேண்டும் என்று அண்ணாச்சி வீட்டுக்கும் நீ பன்னிரண்டு அடி போட்டிருந்தாய். தையல்கூடத்துக்கு ஒரு அடி குறையாமல் தோண்டிய நான் அங்கே அப்படிச் செய்யவில்லை. ஏழடியில் கடப்பாறை திணறியது. என் மண் எனக்குத் தெரியாதா என்ற கொழுப்பில் அங்கேயே நிறுத்தி கான்கிரீட் போட்டேன். உன்னிடம் மறைத்தேன். ஒரு வருஷத்தில் சுவரில் விரல் நுழையும் வெடிப்பு விழுந்தபோது, "பட்டணத்துப் படிப்பு நம்ம மண்ணுக்கு ஆகாது" என்று ஊரார் முன்னால் உன்னைச் சொன்னதும் நான்தான். நீ பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டாய். மூன்று வருஷம் ஆகிறது.

அண்ணாச்சி கையில் இருந்த காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அம்மா என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள்.

மறுநாளே நாகலாபுரம் போனேன். வீட்டை என் பொறுப்பில் சரிசெய்து தருகிறேன் என்றேன். அவர் வாசலிலேயே நிறுத்தி, "ஒம்ம மவ வந்து பாத்துச் சொல்லட்டும். அதுவர ஒரு செங்கல்லயும் தொடாதீரும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம். சங்கரபாண்டி முதலாளியும் அடுத்து ஒரு பிள்ளைகள் காப்பகம் கட்டவேண்டும், நீதான் வரையவேண்டும் என்று நிற்கிறார்.

எனக்காக வரச் சொல்லவில்லை தாயி. வெடித்த வீட்டில் இன்னும் ஒரு குடும்பம் இருக்கிறது. நீ சொல், நான் செய்கிறேன். இந்த முறை நீ பக்கத்தில் நின்று அளந்து பார்த்தபிறகுதான் குழியை மூடுவேன்.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் நீ நல்லா இருக்கணும். நேரத்துக்குச் சாப்பிடு. வருகிற நாளை அம்மாவுக்குச் சொல். ஸ்டேஷனுக்கு அவள் வருவாள். நானும் கூட வரலாமா என்பதை மட்டும் எனக்கு எழுது.

உன் அப்பா,
கோபாலசாமி